வண்டி எதுவரை போகும்?

நம் நாட்டுப்புறத்தில் வண்டியை இரவல் கொடுப்பதற்கென்று ஒரு முறை இருந்தது. மாட்டுவண்டி வைத்திருக்கும் சம்சாரி அடுத்த வீட்டுக்காரருக்கு அதைக் கொடுக்கும்போது வாடகை பேசமாட்டார். ஆனால் எல்லை பேசுவார். "சந்தை வரைக்கும் போய்விட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுங்கள். ஆற்றில் மட்டும் இறக்க வேண்டாம், வலத்து மாடு புதிது, மிரளும்" என்பார். இரவல் வாங்கியவர் அந்தச் சொல்லை மீறுவதில்லை. எல்லை சொல்லப்பட்டது, அதற்கான காரணமும் கூடவே சொல்லப்பட்டது. ஆகையால் மனத்தாங்கலுக்கு இடமில்லாமல் போயிற்று.

இன்று மாட்டுவண்டியின் இடத்துக்குக் கார் வந்துவிட்டது. மும்பையில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் சொந்தக் கார் உண்டு. அது எங்கேனும் மோதிச் சேதமுற்று, விற்பனையாளரின் பட்டறையில் பத்து நாள் படுத்துவிட்டால், சில விற்பனையாளர்கள் அந்தப் பத்து நாளைக்கு வேறொரு காரைக் கொடுத்து உதவுகிறார்கள். கூடவே கையெழுத்திட ஒரு தாளும் வரும். நாள் ஒன்றுக்கு எத்தனை கிலோமீட்டர், நகரத்துக்கு வெளியே கொண்டுபோகலாமா, யார் யார் ஓட்டலாம் என்பனவெல்லாம் அதில் பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவோர் மிகச் சிலரே. மற்றவர்களுக்குச் சனிக்கிழமை மாலை வந்த பிறகுதான் சந்தேகம் பிறக்கிறது: "இந்த வண்டியில் புனே வரை போகலாமா? ஊருக்கே போய்வந்துவிட்டால் என்ன?"

உண்மையில் இந்தக் கேள்வி இரவல் காருக்கு மட்டும் உரியதன்று. மும்பை மாநகரத்தில் ஓடுகின்ற வாகனங்களில் பலவற்றுக்கும் "இதுவரை" என்று ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைகளுள் மிகப் பழையதும், நம்மவர்களின் அன்றாட வாழ்க்கையை மிகவும் பாதிப்பதும் ஒன்று இருக்கிறது. அது செம்பூருக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவே, தாராவியின் தலைமாட்டில் ஓடுகிறது. வாசக அன்பர்களை முதலில் அங்கே அழைத்துச் சென்று, பிறகு இரவல் காருக்குத் திரும்ப விரும்புகிறேன்.

செம்பூரில் ஏறுவது

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செம்பூரிலிருந்து மாட்டுங்காவுக்குப் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். சேடா நகரில் படிகளின் மேல் எழுந்தருளியிருக்கும் திருச்செம்பூர் முருகனைத் தரிசித்துவிட்டு இறங்கினால், வாசலிலேயே ஆட்டோ ரிக்ஷாக்கள் காத்து நிற்கும். 2025 பிப்ரவரி 1 முதல் முதல் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு 26 ரூபாய் என்று விதித்திருக்கிறார்கள். இந்த நகரத்தில் ஆட்டோ மீட்டர் போட்டு ஓடுகிறது என்பது சென்னையிலிருந்து புதிதாக வருபவர்களுக்குப் பெரிய ஆச்சரியம்.

அந்த ஆட்டோ உங்களைக் குர்லாவுக்குக் கொண்டுபோகும். காட்கோபருக்கும், அந்தேரிக்கும், கேட்டால் போரிவலிக்கும் கொண்டுபோகும். புறநகர் என்று பெயர் பெற்ற அந்தப் பரந்த பிரதேசம் முழுவதும் அதற்குச் சொந்தம். ஆனால், "மாட்டுங்கா" என்று சொன்னவுடன் ஓட்டுநர் தலையை அசைத்துவிடுவார். "சயான் வரைதான் வரும், சாகேப்" என்பார். சயானிலிருந்து மாட்டுங்கா கூப்பிடு தூரம். ரயிலில் அது அடுத்த நிலையம். அந்தக் கூப்பிடு தூரத்துக்கு அவர் வரமாட்டார்.

அதில் அவருடைய பிடிவாதம் ஒன்றுமில்லை. மும்பையில் ஆட்டோ ரிக்ஷாக்களுக்குக் கொடுக்கப்படும் அனுமதி புறநகருக்கு மட்டுமே உரியது. கிழக்கே சயான், மேற்கே பாந்த்ரா. இந்த இரண்டு வாசல்களுக்குத் தெற்கே மூன்று சக்கர வாடகை வண்டி செல்லக்கூடாது. தெற்கிலுள்ள தெருக்கள் குறுகியவை; நெரிசல் மிகுந்தவை; அங்கே டாக்சிகள் ஏற்கெனவே நிறைய ஓடுகின்றன. இவைதாம் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. கறுப்பும் மஞ்சளுமான டாக்சிக்கு இந்தக் கோடு இல்லை. அது இரு பக்கமும் ஓடலாம். அதற்குக் குறைந்த கட்டணம் 31 ரூபாய்.

பெயரிலேயே எல்லை

கோடு ஏன் சயானில் விழுந்தது என்று ஆராய்ந்தால் ஒரு சுவையான விஷயம் வெளிப்படுகிறது. சயான் என்பது ஆங்கிலேயர் வாயில் உருமாறிய பெயர். மராத்தியில் அவ்வூரின் பெயர் "சீவ்". அச்சொல்லுக்கு ஊரின் எல்லை என்பதே பொருள். ஆட்டோவும் டாக்சியும் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்த இடம் எல்லை என்று பெயர் பெற்றுவிட்டது.

மும்பைத் தீவு அங்கே முடிந்தது. அதற்கு வடக்கே உப்பங்கழி. கழிக்கு அப்பால் சால்செட் என்னும் பெரிய தீவு. 17-ஆம் நூற்றாண்டில் மும்பை ஆங்கிலேயர் கையில் இருந்தது. சால்செட் போர்ச்சுக்கீசியர் கையில் இருந்தது. ஜெரால்டு ஆஞ்சியர் கவர்னராக இருந்த 1669-க்கும் 1677-க்கும் இடையில், எதிர்க்கரையைக் கண்காணிப்பதற்காகச் சயான் குன்றின் மேல் ஒரு கோட்டை எழுப்பினார்கள். அது சிதைந்த நிலையில் இன்றும் இருக்கிறது. மாலை வேளைகளில் இளைஞர்கள் ஏறிக் காற்று வாங்குகிறார்கள். பிறகு 1739-இல் சால்செட் மராட்டியர் வசமாயிற்று. 1774-இல் ஆங்கிலேயர் அதைப் பிடித்தார்கள். இரு கரையும் ஒரே ஆட்சியில் வந்த பின்னர்தான் கழியின் குறுக்கே பாதை போடலாம் என்ற எண்ணம் பிறந்தது. ஜோனத்தான் டங்கன் கவர்னராயிருந்தபோது, 1798-இல் சயான் கரைப்பாதையின் வேலை தொடங்கியது.

மேற்கு வாசலின் கதை இன்னும் உருக்கமானது. மாஹிமுக்கும் பாந்த்ராவுக்கும் இடையே பாலம் இல்லாமையால் மக்கள் படகில் தத்தளித்துக் கடந்தார்கள். அரசாங்கம் பணமில்லை என்று கைவிரித்தது. ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாயின் மனைவியார் ஆவாபாய் 1,57,000 ரூபாய் கொடுத்தார். கடப்பவரிடம் சுங்கம் வாங்கலாகாது என்பது அவருடைய நிபந்தனை. 1840-களில் அந்தப் பாதை கட்டி முடிந்தது. லேடி ஜாம்ஷெட்ஜி சாலை என்ற பெயர் அவருடைய நினைவாக நிற்கிறது.

ஆக, ஆட்டோ இன்று எந்த இரண்டு இடங்களில் நிற்கிறதோ, அதே இரண்டு இடங்களில்தான் முன்பு கடல் நின்றது. கழியைத் தூர்த்தாயிற்று, பாலம் போட்டாயிற்று, 1950-லும் 1957-லும் புறநகர்களை மாநகராட்சியோடு சேர்த்தாயிற்று. ஆனால் அனுமதிச் சீட்டின் மேல் பழைய கடல் இன்னும் அலையடித்துக்கொண்டிருக்கிறது.

கோட்டின் தெற்கே

சயானில் ஆட்டோவை விட்டு இறங்கியவர்கள் டாக்சிக்குக் கை காட்டுவார்கள், அல்லது பேருந்து பிடிப்பார்கள், அல்லது நடப்பார்கள். நடப்பதில் ஒரு லாபம் உண்டு. வழியில் ஷண்முகானந்தா அரங்கத்தைப் பார்க்கலாம். 1952-இல் சபை தோன்றி, 1963-இல் அரங்கம் எழுந்து, 1990-இல் தீக்கிரையாகி, 1998-இல் மீண்டும் திறக்கப்பட்ட அரங்கம் அது. செம்பூர் ரசிகர்கள் கச்சேரிக்கு வரும்போது போக்குவரத்துக் கவலை இல்லை. மங்களம் பாடி முடிந்த பிறகுதான் கவலை தொடங்கும். புடவைத் தலைப்பைப் போர்த்திய மாமிகளும் கைத்தடி ஊன்றிய மாமாக்களும் டாக்சிக்காக நிற்கும் காட்சியை மும்பைத் தமிழர் யாவரும் அறிவர்.

மாட்டுங்கா அமைந்த வரலாறும் எல்லை சம்பந்தப்பட்டதே. 1896-இல் பிளேக் நோய் மும்பையைத் தாக்கியது. நெருக்கமான தெற்குப் பகுதியிலிருந்து மக்களை வடக்கே பரப்பிக் குடியேற்ற வேண்டுமென்று 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்டை நிறுவினார்கள். தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் என்று தீவின் வடகோடி வரை மனைகள் பிரிக்கப்பட்டன. அந்த அகலமான தெருக்களில்தான் நம் முன்னோர் வந்து குடியேறினார்கள். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார்கள். கோயிலும் பஜனை சமாஜமும் காப்பிக் கிளப்பும் கண்டார்கள். இடம் போதாமல் போன பிறகு அவர்களுடைய பிள்ளைகள் செம்பூருக்குப் பெயர்ந்தார்கள். தாய் வீடு கோட்டுக்குள்ளும் மகள் வீடு கோட்டுக்கு வெளியிலுமாக இருப்பது இந்த நகரத்துத் தமிழ்க் குடும்பங்களில் சர்வ சாதாரணம்.

தாராவியின் நிலை வேறு. அது சயானுக்கும் மாஹிமுக்கும் இடையில், மித்தி ஆற்றின் தென்கரையில், இரண்டு ரயில் பாதைகளுக்கு நடுவே அமைந்திருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் இறங்கியவர்கள் அங்கே பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். இரண்டு வாசல்களுக்கும் பக்கத்தில் இருந்தும், எந்த வாசலும் அவர்களுக்கு எளிதாகத் திறப்பதில்லை. கிழக்கே சயானுக்குச் செல்ல அவர்கள் நம்பியிருந்தது ரயில் பாதைக்கு மேலே 1912-இல் கட்டிய பாலம். 2024 ஆகஸ்டு 1 முதல் அதை மூடி, இடித்துப் புதிதாகக் கட்டும் வேலையைத் தொடங்கினார்கள். பாலம் பழுதுற்றதால் இடித்தது நியாயமே. ஆனால் பள்ளிப் பிள்ளைகளும் மருத்துவமனைக்குப் போவோரும் சுற்றிச் செல்லும்படி ஆயிற்று. வரைபடத்தில் விரல் அகலமுள்ள தூரம், காலால் நடப்பவனுக்கு எவ்வளவு நீளம் என்பது அப்போது தெரிந்தது.

தாராவியில் ஒரு வாகனத்துக்கு மட்டும் எல்லை கிடையாது. அது இட்லிக்காரரின் சைக்கிள். விடியற்காலையில் அங்குள்ள வீடுகளில் அவித்தெடுத்த இட்லிகளை அடுக்கு அடுக்காக ஏற்றிக்கொண்டு, ஊதுகுழலை அமுக்கியபடி, நம்மவர்கள் நகரத்தின் பல மூலைகளுக்கும் புறப்பட்டுவிடுகிறார்கள். அந்தச் சைக்கிளுக்கு அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை. சயானில் நிறுத்துவாரும் இல்லை. சட்னி ஆறுவதற்குள் போய்ச் சேரக்கூடிய தூரமே அதற்கு எல்லை.

வந்த வண்டிகளும் போன வண்டிகளும்

இந்த நகரத்தில் வண்டிகளுக்கு இடத்தில் மட்டுமல்ல, காலத்திலும் எல்லை வைத்திருக்கிறார்கள். 1874-இல் குதிரை இழுக்கும் டிராம் வந்தது. 1907-இல் மின்சார டிராம் வந்தது. 1964 மார்ச்சு 31-இல் போரிபந்தரிலிருந்து தாதருக்கு ஓடியதோடு அது விடைபெற்றது. தண்டவாளம் போட்ட இடமே அதற்கு எல்லையாக இருந்தபடியால், "எதுவரை" என்று யாரும் கேட்க வேண்டியிருந்ததில்லை.

பிரீமியர் பத்மினி டாக்சியை நம் வாசகர்களில் ஏறாதவர் இருக்கமாட்டார்கள். மும்பையில் டாக்சிக்கு இருபது வருஷம் என்று ஆயுள் நிர்ணயித்திருக்கிறார்கள். கடைசிப் பத்மினி 2003 அக்டோபர் 29-இல் டாக்சியாகப் பதிவாயிற்று. ஆகவே 2023 அக்டோபர் 30 முதல் மும்பைத் தெருவில் பத்மினி டாக்சி இல்லை. ஊரிலிருந்து முதன்முதல் வந்த நாளில், தாதரில் இறங்கி, டிரங்குப் பெட்டியை அதன் கூரையின் மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு மாட்டுங்கா போய்ச் சேர்ந்தவர்கள் நம்மில் அநேகர்.

அந்த டிரங்குப் பெட்டி நினைவுக்கு வரும்போது ஒரு நடைமுறை விஷயத்தைச் சொல்லவேண்டும். ஊருக்குப் போகும் ரயில் எந்த நிலையத்திலிருந்து புறப்படுகிறது என்பதைப் பொறுத்து உங்கள் வண்டிச் செலவு மாறும். குர்லாவையடுத்த லோகமான்ய திலக் முனையம் கோட்டுக்கு வெளியே, செம்பூருக்கு அருகிலேயே இருக்கிறது. ஆட்டோவில் போய் இறங்கலாம். தாதரும் சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையமும் கோட்டுக்கு உள்ளே இருக்கின்றன, ஆட்டோ வராது. நான்கு மூட்டையும் இரண்டு குழந்தைகளுமாகச் சயானில் இறங்கி வேறு வண்டி தேடுவது எப்படியென்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். டிக்கெட்டு வாங்கும்போதே புறப்படும் நிலையத்தின் பெயரைப் பார்த்துக்கொள்வது நன்று.

நோயாளிக்கும் எல்லை உண்டா?

மூட்டை முடிச்சுகளின் சங்கடம் எப்படியோ தீர்ந்துவிடும். உயிர்ச் சங்கடம் அப்படியன்று. மும்பையின் பெரிய மருத்துவமனைகள் பல கோட்டின் தெற்கே இருக்கின்றன. கே.இ.எம். மருத்துவமனையும் டாட்டா நினைவு மருத்துவமனையும் பரேலில் இருக்கின்றன. செம்பூரிலோ கோவண்டியிலோ வசிக்கும் ஒருவருக்கு நள்ளிரவில் உடம்பு மோசமாகிவிடுகிறது. அவருக்கு வழக்கமாகச் சிகிச்சை செய்யும் மருத்துவமனை பரேலில் இருக்கிறது. தெருவில் அகப்பட்டது ஓர் ஆட்டோ. சயான் வந்ததும் ஓட்டுநர் தயங்குகிறார். இறங்கி வேறு வண்டி தேடுவதா, அல்லது அவரை மேலே போகச் சொல்லி வற்புறுத்துவதா?

ஓட்டுநரின் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 192-ஏ பிரிவு, அனுமதியில் குறித்த பாதையையோ பிரதேசத்தையோ மீறி வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. 2019-இல் திருத்தியபின், முதல் குற்றத்துக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு நாள் முழுதும் ஓட்டிச் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கும் மனிதருக்கு இது சிறிய மிரட்டல் அன்று.

ஆனால் அதே பிரிவில், அடுத்த உட்பிரிவிலேயே, சட்டம் தன் கடுமையைத் தளர்த்திக்கொள்கிறது. நோயுற்றவரையோ காயமுற்றவரையோ அவசரத்தில் ஏற்றிச் செல்வதற்காக வண்டியைப் பயன்படுத்தினால் இந்தக் குற்றம் பொருந்தாது என்று அங்கே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். துயர் தீர்க்க உணவும் மருந்தும் கொண்டு செல்வதற்கும் இதே சலுகை உண்டு. ஒரு நிபந்தனை மட்டும் இருக்கிறது: வண்டியைப் பயன்படுத்தியவர் ஏழு நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அதிகார அமைப்புக்கு அதைத் தெரிவிக்கவேண்டும்.

இந்த உட்பிரிவை அறிந்த ஓட்டுநர்கள் எத்தனை பேர்? அறிந்த பிரயாணிகள்தாம் எத்தனை பேர்? ஆபத்து வேளையில் முதலில் 108-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேட்பதே முறை. எல்லைக்கு அருகிலேயே, சயானில், லோகமான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனை இருக்கிறது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். நேரம் முக்கியமாக இருக்கையில் பழகிய மருத்துவமனையைத் தேடிச் செல்வதைவிட அருகிலுள்ளதை அடைவது மேல். இவை எதுவும் கைகூடாமல் ஆட்டோவில்தான் கோட்டைத் தாண்ட நேர்ந்தால், ஓட்டுநருக்கு இந்தச் சட்டத்தை எடுத்துச் சொல்லுங்கள். மருத்துவமனைச் சீட்டின் நகல் ஒன்றையும் உங்கள் பெயர், தொலைபேசி எண்ணையும் அவர் கையில் கொடுத்தனுப்புங்கள். நம் உறவினரின் உயிருக்காக அவர் எல்லை தாண்டினார் என்பதற்கு அந்தச் சீட்டு அவருக்குச் சாட்சி. வாடகை கொடுத்ததோடு நம் கடமை தீர்ந்துவிட்டதாக எண்ணி, அவரைப் போலீசாரிடம் தனியே விட்டுவிடலாகாது.

இரவல் காரின் எல்லை

இனி, தொடக்கத்தில் விட்ட இரவல் காருக்கு வருவோம். ஆட்டோவின் எல்லை சட்டம் வைத்தது. இரவல் காரின் எல்லையைப் பெரும்பாலும் ஒப்பந்தம் வைக்கிறது. இந்த வேற்றுமையை உணர்ந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலில் காரின் எண் பலகையைப் பார்க்கவேண்டும். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தானால் அது சொந்த உபயோகத்துக்குப் பதிவான கார். அதற்கு அனுமதிச் சீட்டு இல்லை. சட்டப்படி நாடெங்கும் செல்லலாம். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தானால் நாமே ஓட்டிச் செல்ல வாடகைக்கு விடும் கார். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தானால் வாடகை வண்டி. அனுமதிச் சீட்டில் கண்ட பிரதேசமே அதன் உலகம். சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்தானால் இன்னும் விற்பனையாளரின் கையிலிருக்கும் வண்டி. வியாபாரச் சான்றிதழின் பேரில் ஓடும் இப்படிப்பட்ட வண்டியைச் சோதனை ஓட்டம், வாங்குவோருக்குக் காட்டுதல், பதிவுக்குக் கொண்டுசெல்லுதல் முதலிய சில காரியங்களுக்கு மட்டுமே தெருவில் இறக்கலாமென்று 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது அந்தக் காரியங்களில் சேராது. சிவப்புப் பலகையுள்ள காரை இரவலாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதிருப்பதே நல்லது.

அடுத்தது காப்பீடு. நம் நாட்டில் காப்பீடு வண்டியைச் சார்ந்தது. உரிமையாளரின் சம்மதத்தோடு, செல்லுபடியாகும் உரிமம் உள்ள எவரும் ஓட்டலாம் என்பதே பொதுவான ஏற்பாடு. ஆனால் சொந்தக் கார்களுக்குரிய பத்திரத்தில் "உபயோக வரம்பு" என்றொரு பகுதி உண்டு. வாடகைக்கு விடுவதும், மோட்டார் வியாபாரம் சம்பந்தமான காரியத்துக்குப் பயன்படுத்துவதும் அதில் விலக்கப்பட்டிருக்கின்றன. விற்பனையாளர் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கார் எந்த வகையைச் சேரும் என்பதில் பின்னால் வழக்கு எழ இடமுண்டு. ஆகையால் எந்தப் பத்திரத்தின் கீழ் இந்தக் காருக்குப் பாதுகாப்பு இருக்கிறது, நான் ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் சேதத்தில் என் பங்கு எவ்வளவு என்ற இரு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் பெறவேண்டும்.

மூன்றாவதாகத் தூரம். நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டர் என்று தாளில் எழுதியிருப்பதாகக் கொள்வோம். செம்பூரிலிருந்து மாட்டுங்கா போய்வருவதற்கு அது ஏராளம். ஆனால் லோணாவ்ளா ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர்; போய்த் திரும்பினால் நூற்றறுபது. மிகுதிக்குக் கிலோமீட்டருக்கு இவ்வளவென்று பணம் கேட்பார்கள். மாநகர எல்லைக்குள் மட்டும் என்று எழுதியிருந்தால் வாஷி பாலத்தைத் தாண்டுவதே ஒப்பந்த மீறல். 2024 அக்டோபர் 14 நள்ளிரவு முதல் மும்பையின் ஐந்து நுழைவாயில்களிலும் இலகு வாகனங்களுக்குச் சுங்கம் நீக்கப்பட்டுவிட்டது. அதனால் எல்லை கடப்பதே தெரியாமல் கடந்துவிடுகிறோம். ஆனால் காரில் பொருத்தியுள்ள கருவி அதைக் குறித்துக்கொண்டுதான் இருக்கும்.

இந்த எல்லையை மீறினால் சிறை இல்லை. ஆனால் வழியில் வண்டி நின்றுபோனால் இழுத்துவர ஆள் அனுப்பமாட்டார்கள். கூடுதல் பணம் கேட்பார்கள். விபத்து நேர்ந்தால் ஒப்பந்தத்தைக் காட்டித் தங்கள் பொறுப்பைத் தட்டிக் கழிக்கக்கூடும். விற்பனையாளர் பக்கத்திலும் நியாயம் உண்டு. நாளைக்கு அந்தக் காரை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டும். ஓடிய தூரம் ஏற ஏற அதன் விலை இறங்கும். எனவே சண்டையிடுவதைவிட முன்னாலேயே கேட்பது மேல். "ஊரில் தகப்பனார் உடம்பு சரியில்லாமல் இருக்கிறார், திடீரென்று அழைப்பு வந்தால் இந்தக் காரில் போகலாமா? யாரிடம் சொல்லவேண்டும்?" என்று கேட்டு, பதிலைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். சென்னைக்கு இங்கிருந்து ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரத்துக்கு வாய்ச்சொல் போதாது.

ஊரிலிருந்து வந்த கார்

ஊரிலிருந்து காரையே கொண்டுவந்துவிடுவோரும் நம்மில் உண்டு. அண்ணன் தம்பிக்குக் கொடுத்த வண்டி, மாமனார் மாப்பிள்ளைக்குக் கொடுத்த வண்டி என்று தமிழ்நாட்டுப் பலகையோடு செம்பூர்த் தெருக்களில் பல கார்கள் நிற்கின்றன. இவற்றுக்குத் தூரத்தில் எல்லை இல்லை. காலத்தில் எல்லை உண்டு. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி அங்கே புதிய பதிவு எண் பெறவேண்டும். அதற்குப் பழைய அலுவலகத்தின் ஆட்சேபணையின்மைச் சான்றிதழும் இங்கே சாலை வரியும் வேண்டும். அடிக்கடி மாநிலம் மாறும் உத்தியோகஸ்தர்களுக்காக 2021 செப்டம்பர் 15 முதல் "பாரத்" வரிசை எண் நடைமுறைக்கு வந்தது. மத்திய, மாநில அரசு ஊழியர்களும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள நிறுவனங்களின் ஊழியர்களும் அதைக் கேட்டுப் பெறலாம். கார் வாங்கும்போதே இதை யோசித்தால் பின்னால் அலைச்சல் குறையும்.

பிழைப்புக்காக வந்த ஊரில் இத்தனை எல்லைகளா என்று சலிப்புத் தோன்றலாம். சலித்துக்கொள்வதில் பயனில்லை, இவற்றில் சில நியாயமானவை, சில பழையவை, ஒன்றிரண்டு மாறவேண்டியவை. சயான் கோட்டைப் பற்றி நம் சங்கங்களில் பேசலாம், அதிகாரிகளுக்கு எழுதலாம். அது மாறும் வரையில் நம்மாலான காரியம் ஒன்று உண்டு. ஏறுவதற்கு முன்பே எதுவரை என்று கேட்டுத் தெரிந்துகொள்வது. வீட்டிலுள்ள முதியோருக்கும் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிவைப்பது. நோயாளிக்காக எல்லையைத் தாண்டலாம், ஏழு நாளில் தெரிவித்தால் போதும் என்ற அந்த ஓர் உட்பிரிவையாவது நீங்கள் வழக்கமாக ஏறும் ஆட்டோ ஓட்டுநருக்கு இந்த மாதமே சொல்லிவிடுங்கள். என்றைக்கேனும் ஒரு நள்ளிரவில் யாருடைய வீட்டுக்கேனும் அது உதவும்.